எலி மீசையும் தனி வளையும்

(கொடைக்கானலில் வாசகர் கூட்டமொன்றில் பேசியது)

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, வணிகர் சங்கப் பொருளாளர் அவர்களே, கடைசிப் பேருந்து போனாலும் பரவாயில்லை என்று பூம்பாறையிலிருந்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, மைக்கோடு மல்லுக்கட்டும் தம்பி, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. இந்தக் குளிருக்கு நல்ல கம்பளியாகவே பார்த்து வாங்கியிருக்கிறீர்கள், கழற்றப் போவதில்லை.

தலைப்பைக் கேட்டதும் பொருளாளர் ஐயா, "மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கப் போறீங்களா சார்?" என்றார். என் பழமொழி வேறு. எலி வளையானாலும் தனி வளை வேண்டும். விலங்கியல் வகுப்பில் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் 'தனிவளை வாத்தியார்' என்று பெயர்.

மூன்று விஷயம் பேசுகிறேன். எலிக்கு மீசை எங்கெங்கே இருக்கிறது, எந்த நரம்பு அங்கே வருகிறது, நம் சோலைக்காட்டு மலை அணிலுக்கு அது எதற்கு.

மீசை மூக்கோரம் மட்டும் இல்லை. கண்ணுக்கு மேலே உண்டு, தாடையில் உண்டு, முன்காலில் மணிக்கட்டுப் பக்கமும் உண்டு. முகத்து மீசைக்கெல்லாம் ஒரே தாய் நரம்பு, முக்கிளை நரம்பு. மூளையிலிருந்து புறப்படும் நரம்புகளில் ஐந்தாவது. கண்ணுக்கு மேலுள்ள முடி அதன் முதல் கிளைக்குச் சேர்ந்தது. மூக்கோர மீசை இரண்டாம் கிளைக்கு, தாடை முடி மூன்றாம் கிளைக்கு. மணிக்கட்டு முடிக்கு இந்தக் குடும்பத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதன் சேதி கை நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போகிறது. முழங்கையை மேசையில் இடித்தால் சுர்ரென்று ஏறுமே, அந்த நரம்பு சேர்ந்த கற்றைதான்.

முடிக்கு உணர்ச்சி கிடையாது. கத்தரித்தால் வலிக்காது. உணர்ச்சியெல்லாம் வேரில். ஒவ்வொரு வேரும் ரத்தம் நிரம்பிய சின்னப் பையில் உட்கார்ந்திருக்கிறது, சுற்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட நரம்பிழைகள். நுனி கொஞ்சம் வளைந்தாலும் வேருக்குத் தெரிந்துவிடும். 1970-இல் வுல்சி, வான் டெர் லூஸ் என்ற இருவர் சுண்டெலியின் மூளையைச் சீவிப் பார்த்தார்கள். மூக்கோர மீசை எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் மூளையிலும் பீப்பாய் பீப்பாயாகச் செல் கூட்டங்கள், மீசைக்கு ஒன்று. எலி வளையானாலும் தனி வளை! நம் முன்னோர் நுண்ணோக்கி இல்லாமலே சொல்லிவிட்டார்கள் என்று அளக்க மாட்டேன். ஆனாலும் பொருந்துகிறதா இல்லையா?

சரி, இப்போது என் அத்தை வீட்டுக் கதை. பூம்பாறையில் வீடு, பரண் நிறைய மலைப்பூண்டு. எலித் தொல்லை தாங்காமல் மாமா பசை அட்டை வாங்கி வந்து சுவரோரம் வைத்தார். விடிகாலையில் கீச்சென்று சத்தம். எலி ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, முகத்தின் ஒரு பக்கம் முழுக்கப் பசை. அத்தை ஒன்றும் பேசவில்லை. கடலை எண்ணெயை எடுத்துவந்து விரலால் தொட்டுத் தொட்டு விட்டார். மாமா கத்துகிறார், "எண்ணெய் விக்கிற விலைக்கு எலிக்கு எண்ணெய்க் குளியலா?" கால்மணி நேரத்தில் எலி விடுபட்டது. நன்றி சொல்லுமா? நேரே பூண்டுப் பரணுக்கு! அதைத் துரத்தப் போன மாமா அட்டையில் காலை வைத்தார். அத்தை நிதானமாகச் சொன்னார்: "எலிக்கு அரைக் கரண்டி ஆச்சு. உங்களுக்கு ஒரு செம்பு வேணும்."

சிரித்தோம். அப்புறம் அந்த அட்டையை ஜன்னலோரம் தூக்கிப் பார்த்தேன். நாலு மீசை முடி ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாகக் குண்டூசித் தலை மாதிரி வேர். அறுந்த முடி இல்லை, பிடுங்கிய முடி.

எலி ஏன் சுவரோரமாகவே ஓடுகிறது? இருட்டில் அந்தப் பக்கத்து மீசை சுவரைத் தடவிக்கொண்டே வழி சொல்கிறது. அது தெரிந்துதான் அட்டையையும் சுவரோரம் வைக்கச் சொல்கிறார்கள். அதன் கண்ணையே அதற்குக் கண்ணி ஆக்குகிறோம். பல்லியும் அதிலேதான் ஒட்டுகிறது, அணில் குஞ்சும் ஒட்டுகிறது.

எலியை வளர்க்கச் சொல்லவில்லை. சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் சந்து போதும், அதைச் சிமெண்டு வைத்து அடையுங்கள். குப்பைத் தொட்டிக்கு மூடி போடுங்கள். மிஞ்சினால் கூண்டு வையுங்கள். பசை அட்டை மட்டும் வேண்டாம், மூஞ்சிக்கல் கடைத்தெருவில் அதை விற்கவும் வேண்டாம். பொருளாளர் ஐயா கடையிலும் தொங்குகிறது, நேற்றுதான் பார்த்தேன்.

மலை அணிலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். தலைவர் மணியைத் தொடுகிறார், அது அடுத்த கூட்டத்துக்கு. பசை அட்டை வேண்டாம் என்று கையெழுத்துப் போடும் தாள் வாசலில் சுக்குக் காப்பி அண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் வரியைப் பொருளாளர் ஐயாவுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.