ஒரு கேள்விக்குறியும் ஒரு பூங்கொத்தும்

எல்லோருக்கும் வணக்கம். பெண்ணியப் புகைப்படக் கலை என்றால் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சின்டி ஷெர்மனில்தான் தொடங்குவார்கள். பெரிய கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் விதவிதமாக வேஷம் போட்டுத் தன்னையே படம் எடுத்துக்கொள்ளும் அமெரிக்கக் கலைஞர் அவர்; அந்த வேஷத்தை எடுத்து முடித்ததும் கலைத்துவிடலாம். கலைக்க முடியாத உடம்பை என்ன செய்வது? அதனால் நான் ஜோ ஸ்பென்ஸிடம் போகிறேன்.

1934-இல் லண்டனில் பிறந்த புகைப்படக் கலைஞர். 1967-இலிருந்து சில வருஷம் சொந்தமாக ஸ்டூடியோ நடத்தினார். ஒரு பெண்ணை எப்படி உட்கார வைப்பது, முகவாயை எவ்வளவு தூக்கச் சொல்வது, எந்தப் பக்கம் வெளிச்சம் விட்டால் சுருக்கம் தெரியாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவருடைய பிற்காலப் படங்களைப் பார்த்துவிட்டு 'இந்தம்மாவுக்கு அழகாக எடுக்கத் தெரியாது போல' என்று நினைக்கிறவர்கள் உண்டு.

எட்டரை மாதக் குழந்தையாக அவர் உடுப்பில்லாமல் குப்புறப் படுத்திருக்கும் படம் ஒன்று குடும்ப ஆல்பத்தில் இருந்தது. நம்மில் பலர் வீட்டிலும் இருக்கும், எல்லோரும் கொஞ்சுவோம். 1979-இல் அவர் அதே மாதிரி, துணியில்லாமல், மறுபடி படுத்துப் படம் எடுத்துக்கொண்டார். '528 மாதங்கள் கழித்து' என்று கணக்கும் போட்டார். நாற்பத்து நாலு வயசு. இப்போது யாரும் கொஞ்சவில்லை, எங்கே பார்ப்பது என்றே தெரியாமல் முழிக்கிறோம்.

1982-இல் மார்பகப் புற்றுநோய். மருத்துவமனைக்குப் போகும் முன் தன் மார்பின் மேல் பேனாவால் 'ஜோ ஸ்பென்ஸின் சொத்து?' என்று எழுதிப் படம் எடுத்து, அதைத் தாயத்து மாதிரி கூடவே கொண்டுபோனார். அங்கே ஒரு டாக்டர் மாணவர்கள் புடைசூழ வந்தார், நான் இன்னார் என்றுகூடச் சொல்லவில்லை, எடுக்கப்போகும் மார்புக்கு மேலே ஒரு பெருக்கல் குறி போட்டார். இவர் முடியாது என்றார். கட்டியை மட்டும் எடுக்க வைத்தார்.

அந்தப் படத்தில் எனக்கு எழுத்தைவிடக் கேள்விக்குறிதான் முக்கியம். அது இல்லாவிட்டால் கோஷம், ஊர்வலத்தில் தூக்கிப் பிடிக்கலாம். கேள்விக்குறி வந்ததும் அவருக்கே சந்தேகம் என்று ஆகிவிடுகிறது: பத்திரிகை, குடும்பம், ஆஸ்பத்திரி எல்லாம் பங்கு கேட்டது போக என் உடம்பில் எனக்கு மிச்சம் எவ்வளவு?

அப்புறம் அமெரிக்கக் கலைஞர் ஹன்னா வில்க். இவருக்குக் கிடைத்த வசை வேறு மாதிரி. 1974-இல் சூயிங்கத்தைப் பெண்குறி வடிவில் சின்னச் சின்னதாகப் பிடித்து, தழும்புகள் போல உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு, மாடல் அழகிகள் மாதிரி நின்று படம் எடுத்தார். பெண்ணியவாதிகளிலேயே சிலர், 'இது விமர்சனமா, அழகைக் காட்டிக்கொள்வதா?' என்று கேட்டார்கள். அழகாக இருந்தாலும் குற்றம்! அந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் உண்டென்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன், கடைசிப் படங்களைப் பார்க்கும் வரை. நிணநீர்ப் புற்றுநோய் வந்து, முடி கொட்டி, உடம்பு ஊதிப்போன நிலையிலும் 1993-இல் சாகும் வரை கேமரா முன்னால் நின்றார், கணவர் எடுத்தார். அதில் ஒன்றில், இடுப்பில் மருந்துக்கட்டோடு, தலையில் ஒரு பூங்கொத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பழைய மாடல் தோரணையிலேயே நிற்கிறார்.

சரி, விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், அந்தப் படத்தைப் போடுகிறேன்.