பதினாலாயிரம் நடை மண்

வணக்கமுங்க. அணை கட்ட மண் வேலையை எப்படித் திட்டமிடுவது என்று, படம் போட்டுக் காட்ட வேண்டிய விஷயத்தை வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சரி, கண்ணை மூடிக் கேளுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டும் வேண்டாம்.

நம் பவானிசாகர் 1948இல் தொடங்கி 1955இல் முடிந்த அணை. எட்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், பெரும்பகுதி மண்கரை. பாசனத்தோடு மின்சாரமும் தருகிறது. அத்தனை மண்ணும் எங்கிருந்து, எந்த மாதம், எந்த வழியாக வரும் என்று முன்கூட்டியே காகிதத்தில் ஓட்டிப் பார்க்காமல் இப்படி ஒரு கரை எழும்பாது.

கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும், குழியிலிருந்து மேலே வந்த மண் பொதபொதவென்று பெருத்துவிடும். அதையே ஈரம் பார்த்து ரோலர் விட்டு இறுக்கினால், முன்பு இருந்ததைவிடச் சிறுத்துவிடும். ஆக, ஒரே மண்ணுக்கு மூன்று அளவு. கரையில் இறுகிய மண் 1 லட்சம் கனமீட்டர் வேண்டுமா? மண்ணின் வாகைப் பொறுத்து, சுமார் 1,10,000 வெட்ட வேண்டியிருக்கும். லாரியில் ஏறும்போது அது 1,40,000 போல ஆகிவிடும். 10 கனமீட்டர் டிப்பருக்கு 14,000 நடை. எந்த அளவுக்குக் காசு என்று முதலிலேயே எழுதிக்கொள்ளாவிட்டால் பில் போடும்போது சண்டைதான்.

மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாய்க்கு இன்னொரு படம் உண்டு. கால்வாய் நெடுக ஒரு கோடு இழுங்கள். மேட்டை வெட்டும் இடத்தில் கோடு ஏறும், பள்ளத்தை நிரப்பும் இடத்தில் இறங்கும். தொடங்கிய மட்டத்துக்கே கோடு திரும்பினால், அதுவரை வெட்டியது அதுவரை நிரப்பக் கணக்காகப் போயிற்று என்று அர்த்தம். திரும்பாமல் மேலேயே நின்றால் மிச்ச மண்ணைக் கொட்ட இடம் தேடுங்கள்.

இடம் தேடாமல் நான் பட்டது ஒன்று. வெட்டிய மண்ணைக் கைக்கு எட்டிய காலி நிலத்தில் குவித்தோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் லாரிப் பாதை அதன் வழியேதான் போக வேண்டும். ஒரே மண்ணுக்கு இரண்டு தரம் கூலி. இப்போது ட்ரோன் பறக்கவிட்டு, கணினியில் மாதவாரியாகக் கரை வளர்வதைப் பார்க்கிறார்கள். அன்று என்னிடம் கலர் பென்சில்தான் இருந்தது, அதையும் நான் எடுக்கவில்லை.

அடுத்த வேலையில் எடுத்தேன். எந்த மாதம் எந்த வேலை என்று கட்டம் போட்டு, மாதத்துக்கு ஒரு நிறம். களிமண் நனைந்துவிட்டால் ரோலருக்கு அடங்காது, சேறாகப் பிதுங்கும். அதனால் ஐப்பசி, கார்த்திகைக் கட்டங்களில் களிமண் வேலையே எழுதவில்லை; கல் பாவுவதும் மணல் சேர்ப்பதும் மட்டும். மேலதிகாரி பார்த்துவிட்டு, “இரண்டு மாதம் சும்மாவா இருப்பீங்க?” என்றார். அந்த வருடம் ஐப்பசி மூன்றாம் நாளே மழை பிடித்துக்கொண்டது.