அடம் என்றால் என்ன? – நடத்தைப் பகுப்பாய்வில் முனைவர் படிப்புக்கு ஆயத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

குளச்சலிலோ தக்கலையிலோ ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆறு வயதுப் பையன். "மக்களே, சாப்பிட வா" என்று அம்மா கூப்பிட்டதும் தரையில் விழுந்து புரளுகிறான். "எப்பவும் அடம்தான்" என்கிறார் அம்மா. "பள்ளிக்கூடத்தில் அவ்வளவு அடம் இல்லையே" என்கிறார் டீச்சர். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அம்மாவுக்கு, பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டாலே அடம். டீச்சருக்கு, தரையில் புரண்டால்தான் அடம்.

இந்த இடத்தில்தான், நடத்தையைக் கண்ணால் பார்த்து எண்ணி, காரணம் கண்டு மாற்ற முயல்கிற துறை, அதாவது ஏபிஏ என்று சுருக்கமாகச் சொல்கிற பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு தொடங்குகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளைக் கூட்டிப்போகிற பயிற்சி மையங்களில் இந்தப் பெயர் உங்கள் காதில் விழுந்திருக்கும். உளவியலோ சிறப்புக் கல்வியோ படித்துவிட்டு இதில் முதுகலை, பிறகு முனைவர் பட்டம் என்று போக நினைக்கும் பிள்ளைகளுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் இன்றைக்குப் பேசுகிறேன்.

இந்தத் துறைக்கென்று 1968-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்விதழ் தொடங்கியது. அதன் முதல் ஆண்டிலேயே பேயர், வுல்ஃப், ரிஸ்லி என்ற மூவர், இந்தத் துறையின் ஆய்வுக்கு இருக்கவேண்டிய ஏழு இயல்புகளை எழுதிவைத்தார்கள். அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் செய்ததை எழுதினால், அதைப் படிக்கும் பயிற்சி பெற்ற இன்னொருவர் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அப்படியே செய்துகாட்ட முடியவேண்டும். நம் வீட்டு மீன்குழம்பை நினைத்துப் பாருங்கள். "புளி கொஞ்சம் போடு" என்றால் ஆளுக்கு ஆள் குழம்பு மாறும். "நெல்லிக்காய் அளவு புளி" என்றால் எந்த வீட்டிலும் ஏறக்குறைய ஒரே குழம்பு வரும். இந்த நெல்லிக்காய் அளவு எழுத வராத மாணவர் முனைவர் படிப்பில் மிகவும் திணறுவார்.

சரி, 'அடம்' என்பதை எப்படி எழுதுவது? "முதுகோ வயிறோ தரையில் படும்படி, மூன்று விநாடிக்கு மேல் படுத்திருப்பது, கூடவே அழுகையோ கத்தலோ இருப்பது. விளையாட்டுக்காகப் படுப்பது கணக்கில் வராது. எழுந்து பத்து விநாடி கழித்து மறுபடி விழுந்தால் அது புதிய ஒன்று." எது சேரும், எது சேராது, எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்று நான்கும் இருக்கவேண்டும். "கோபமாக", "வேண்டுமென்றே" போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். கோபத்தைக் கண்ணால் பார்த்து எண்ண முடியாது.

எழுதியாயிற்று. இனி இரண்டு பேர், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல், ஒரே பத்து நிமிடம் எண்ணவேண்டும். ஒருவர் 12, மற்றவர் 9. சிறியதைப் பெரியதால் வகுத்து நூறால் பெருக்கினால் 75 விழுக்காடு. குறைந்தது 80 வரவேண்டும், 90-க்கு மேல் வந்தால் நிம்மதி. 75 வந்தால் எண்ணியவரைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் கோளாறு உங்கள் வரையறையில்தான் இருக்கும். திருத்தி எழுதி மறுபடி எண்ணுங்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். இருவருமே பத்து என்று எண்ணினார்கள், நூற்றுக்கு நூறு என்று சந்தோஷப்படுவோம். ஆனால் ஒருவர் முதல் ஐந்து நிமிடத்தில் ஏழு, அடுத்த ஐந்தில் மூன்று; மற்றவர் முதலில் மூன்று, பிறகு ஏழு. இருவரும் எண்ணியது ஒரே நிகழ்வுகளை அல்ல! பாதிப் பாதியாகப் பிரித்துக் கணக்குப் போட்டால் ஒற்றுமை வெறும் 43 விழுக்காடு. அதனால் நிமிடம் நிமிடமாகப் பிரித்தே ஒப்பிடுங்கள். நான்கில் ஒரு பங்கு அமர்விலாவது இந்தச் சோதனையைச் செய்யுங்கள். திரும்பவும் சொல்கிறேன்: எண்ணிக்கை மேல் நம்பிக்கை இல்லாவிட்டால், அதற்கு மேல் கட்டுகிற எதுவும் நிற்காது. இதைப் பழக மடிக்கணினி வேண்டாம். ஒரு தாள், ஒரு பேனா, கைப்பேசியில் ஒரு கடிகாரம், கூட எண்ண ஒரு தோழி, அவ்வளவுதான்.

எண்ணிய பிறகு, ஏன் நடக்கிறது என்ற கேள்வி. ஒரே வகுப்பில் இரண்டு பிள்ளைகள் புத்தகத்தை வீசுகிறார்கள். ஒருத்தி டீச்சர் பக்கத்தில் வரவேண்டும் என்று வீசுகிறாள். இன்னொருவன் கணக்குப் பாடத்திலிருந்து தப்பிக்க வீசுகிறான். இருவரையும் வெளியே நிறுத்தினால், அவன் கேட்டதையே கையில் கொடுத்த மாதிரி. நாளைக்கு இன்னும் சீக்கிரம் வீசுவான். நடத்தைக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று எழுதாமல் தீர்வு சொல்கிறவரை நம்பாதீர்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும், குழந்தை "வேண்டாம்" என்று உடலால் காட்டினால் அன்றைக்கு நிறுத்தவேண்டும். ஏபிஏ பற்றி ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் எழுதியிருக்கும் கடுமையான விமர்சனங்களைப் படிக்காமல் ஆய்வுக்குப் போகாதீர்கள்.

அடுத்து ஆய்வு வடிவமைப்பு. வானொலியில் படம் காட்ட முடியாது, மழையை வைத்துச் சொல்கிறேன். நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அடத்தைக் குறைக்கும் பயிற்சியை நீங்கள் தொடங்கிய அன்றே மழைக்குப் பள்ளி விடுமுறை விட்டால், அடம் குறைந்தது பயிற்சியாலா, விடுமுறையாலா? தெரியாது. அதனால் வீட்டில் ஒரு நாள், ஒரு வாரம் கழித்துப் பள்ளியில், இன்னும் ஒரு வாரம் கழித்து டியூஷனில் என்று தள்ளித்தள்ளித் தொடங்குவார்கள். தொடங்கிய இடத்தில் மட்டும், தொடங்கியபோது மட்டும் மாறினால், காரணம் மழை என்று யாரும் சொல்ல முடியாது. பயிற்சியை நிறுத்திப் பார்க்கிற வடிவமும் உண்டு. ஆனால் குளத்தில் நீந்தப் பழகியவனை மறக்கச் சொல்ல முடியுமா? வாசிப்பு மாதிரி கற்ற திறனுக்கு அது ஒத்துவராது. எந்தக் கேள்விக்கு எந்த வடிவம் என்பதை நேர்காணலில் கட்டாயம் எதிர்பார்க்கலாம்.

அடுத்து, பயிற்சி மணி நேரத்தைப் பற்றி. நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்க வாரியமான பிஏசிபி கேட்டது மேற்பார்வையோடு 2000 மணி நேரம். அதில் குறைந்தது அறுபது விழுக்காடு, குழந்தைக்கு நேரடியாகப் பயிற்சி தராத வேலை: மதிப்பீடு, வரைபடம், திட்டம் எழுதுதல், பெற்றோருக்குப் பயிற்சி. நாள் முழுக்கக் குழந்தையோடு உட்காரவைத்து மணிக்கணக்கை மட்டும் ஏற்றுகிற மையத்தில் நீங்கள் ஆய்வாளராக மாட்டீர்கள். 2023 முதல் இந்தியாவில் வசிப்பவர்கள் அந்த வாரியத்தின் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆகவே "அந்தச் சான்றிதழ் கிடைக்கும்" என்று சொல்லும் படிப்புக்குப் பணம் கட்டுமுன் எப்படி என்று எழுத்தில் கேளுங்கள். முனைவர் பட்டம் வேறு, சேவைக்கான சான்றிதழ் வேறு.

நேரம் நெருங்குகிறது, விண்ணப்பத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிப்படி முதுகலை முடித்தவருக்கு 55 விழுக்காடு, வகுப்புப் பாடம் குறைந்தது 12 கிரெடிட், காலம் மூன்று முதல் ஆறு ஆண்டு. 2024 ஜூன் முதல் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணையும் சேர்க்கைக்கு எடுத்துக்கொள்கிறார்கள், அது ஓராண்டுக்குத்தான் செல்லும். அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில்தான் சேர்கிறீர்கள். அவருடைய கட்டுரைகள் மூன்றையாவது படித்துவிட்டு, உங்கள் ஒரு கேள்வியை நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள். "குழந்தைகளுக்குச் சேவை செய்ய ஆசை" என்பது கேள்வியாகாது. ஆகஸ்ட் வகுப்புக்குப் பல இடங்களில் டிசம்பரே கடைசி. பரிந்துரைக் கடிதத்தை உங்கள் வகுப்பு ரேங்க் மட்டும் தெரிந்தவரிடம் கேட்காதீர்கள், உங்கள் எண்ணிக்கைத் தாளைத் திருத்தியவரிடம் கேளுங்கள், அதுவும் ஆறு வாரம் முன்பே. அக்டோபர், நவம்பரில் மழையோடு கரண்டும் இணையமும் போய்விடும். கடைசி இரவுக்கு வைக்காதீர்கள். வணக்கம்.