எல்.கே.ஜி.க்குள் ஒரு ஜெர்மன் சொல்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டில் எல்.கே.ஜி. போகிற குழந்தை இருக்கிறதா? அந்த கே.ஜி. என்பது கிண்டர்கார்டன். ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தாலும், அது அசல் ஜெர்மன் சொல். பொருள், 'குழந்தைகள் தோட்டம்'.

பெயர் வைத்தவர் ஜெர்மன் கல்வியாளர் பிரெடரிக் ஃப்ரோபெல், 1840இல். பாட்டு, விளையாட்டு, மரக்கட்டைகள், கொஞ்சம் தோட்ட வேலை. இதில் யாருக்கு என்ன பயம் வரும்? அன்றைய ஜெர்மன் நாடுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரசுக்கு வந்தது! 1851இல் கிண்டர்கார்டனுக்குத் தடை. ஃப்ரோபெலின் அண்ணன் மகன் கார்ல் அரசியலில் கொஞ்சம் தீவிரமான ஆள். அவர் எழுதியதையும் இவர் எழுதியதையும் அதிகாரிகள் குழப்பிக்கொண்டார்கள். தடை நீங்கியது 1860இல். அதைப் பார்க்க ஃப்ரோபெல் உயிரோடு இல்லை.

1848இல் தொடங்கிய புரட்சி தோற்றதும் ஜெர்மன் இளைஞர்கள் பலர் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். அவர்களில் ஒருவர் கார்ல் ஷூர்ஸ். பின்னாளில் லிங்கனின் படையில் தளபதி, அப்புறம் செனட்டர், உள்துறைச் செயலர் என்று பெரிய வாழ்க்கை. எனக்கு அவரைவிட அவர் மனைவி மார்கரெத்தாவைப் பற்றிப் பேசத்தான் ஆசை. ஹாம்பர்க்கில் ஃப்ரோபெலிடமே பாடம் கேட்டவர். 1856இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வாட்டர்டவுனில், தன் மகளையும் உறவுக்காரப் பிள்ளைகள் சிலரையும் உட்காரவைத்து ஜெர்மனில் பாடச் சொன்னார். அமெரிக்காவின் முதல் கிண்டர்கார்டன் என்று பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான். 1859இல் எலிசபெத் பீபடி என்ற ஆசிரியை அவரைச் சந்தித்தார். அடுத்த ஆண்டே பாஸ்டனில் ஆங்கிலத்தில் ஒன்று தொடங்கிவிட்டார். அதன்பின் அது நாடு முழுக்கப் பரவியது.

அமெரிக்காவில் இப்படி வேரூன்றிய ஜெர்மன் மொழிக்கு 1917இல் சோதனை வந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்காவுக்கு ஜெர்மனியோடு போர். புளித்த முட்டைகோஸான 'சவர்கிராட்'கூட 'சுதந்திர முட்டைகோஸ்' ஆனது. அயோவா ஆளுநர், தொலைபேசியில்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று 1918இல் ஆணையிட்டார். போர் முடிந்த பிறகும் கோபம் தணியவில்லை. எட்டாம் வகுப்பு தேறாத பிள்ளைக்கு அயல்மொழி கற்பிக்கக் கூடாது என்று நெப்ராஸ்கா 1919இல் சட்டம் போட்டது. மறு ஆண்டு ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர் பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மனில் பைபிள் கதை படிக்கக் கற்றுக்கொடுத்தார். அபராதம் 25 டாலர். மனிதர் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1923இல் ஏழுக்கு இரண்டு என்று தீர்ப்பு, அவர் பக்கம்.

ஆனால் அதற்குள் எத்தனையோ பள்ளிகளில் ஜெர்மன் நின்றுபோயிருந்தது. வீட்டில் பேசவே பலர் தயங்கினார்கள். அந்தக் களேபரத்திலும் கிண்டர்கார்டன் என்ற சொல் தப்பிவிட்டது. அது அயல்மொழி என்பதே மக்களுக்கு மறந்துபோயிருந்தது போலும்.

மார்கரெத்தா பாடிய அந்தச் சின்னக் கட்டடம் இன்றும் வாட்டர்டவுனில் இருக்கிறது. 1956இல் அதைப் பெயர்த்தெடுத்து ஓர் அருங்காட்சியக வளாகத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். வணக்கம்.