டிரம்மரைப் பார்த்து இந்தக் கேள்வியா?

நடுவர் அவர்களுக்கும், என்னைப் பார்த்து இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

பிரெஞ்சு இயக்குநர் மிஷேல் கோன்ட்ரியின் இசைக் காணொளிகளில் அதே உத்திகள் திரும்பத் திரும்ப வருவது முத்திரையா, சரக்குத் தீர்ந்ததன் அடையாளமா என்பது தலைப்பு. முத்திரைதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர், "ஒன்றைப் பலவாக்குவார், தாள அடிக்கு ஒரு பொருளைக் கொண்டுவந்து நிறுத்துவார், வேறென்ன தெரியும் அவருக்கு?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார்.

ஐயா, கோன்ட்ரி ஒரு டிரம்மர்! 'வீ வீ' என்ற பிரெஞ்சு இசைக்குழுவில் வாசித்தவர். அந்தக் குழுவுக்கு அவர் எடுத்த காணொளிகளைப் பார்த்துத்தான் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க், தன் பாட்டுக்குக் காணொளி எடுக்க அவரை அழைத்தார். டிரம்மரிடம் போய் "ஏனப்பா அடித்ததையே அடிக்கிறாய்?" என்று கேட்கலாமா?

1997இல் டாஃப்ட் பங்க் என்ற மின்னிசை இரட்டையரின் 'அரவுண்ட் த வேர்ல்ட்' பாட்டுக்குக் காணொளி எடுத்தார். பாட்டில் இருப்பதே மூன்று சொற்கள்தான். கோன்ட்ரி என்ன செய்தார்? பாட்டைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் ஆட்டக் கூட்டத்தைக் கொடுத்தார். எந்திரக் குரலுக்கு ரோபோக்கள், டிரம் மெஷினுக்குத் துணி சுற்றிய மம்மிகள், கிட்டாருக்கு எலும்புக்கூடுகள். பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி ஏறி இறங்கும்போது சின்னத் தலை வைத்த நெட்டை ஆட்கள் படியில் ஏறி இறங்குகிறார்கள். நான் பேஸ் ஒலியைத் தனியாகக் கேட்கப் பழகியதே அந்த நெட்டையர்களைப் பார்த்துத்தான். பாட்டு மூன்று சொல்லைச் சுற்றிச் சுற்றி வரும்போது, படம் மட்டும் நிமிடத்துக்கொரு புதுமை காட்டினால் அதற்குப் பெயர் கற்பனையா? பாட்டைக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றல்லவா பொருள்!

சரி, 2002க்கு வாருங்கள். கெமிக்கல் பிரதர்ஸ் என்ற மின்னிசைக் குழுவின் 'ஸ்டார் கிட்டார்' பாட்டு. ரயில் ஜன்னல், வெளியே ஓடும் நிலம். ஆட்டமில்லை, கதையில்லை. முதல் தடவை பார்த்தபோது, யாரோ கேமராவை ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தூங்கிப்போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பாதியில்தான் உறைத்தது: ஒரு தாள அடிக்கு ஒரு கம்பம், இன்னோர் ஒலிக்கு ஒரு கட்டடம்! அடி திரும்ப வந்தால் கம்பமும் திரும்ப வருகிறது. பிரான்சில் நீம், வாலன்ஸ் ஊர்களுக்கிடையே ரயிலில் பலமுறை போய்ப் படமெடுத்து, கணினியில் ஒட்டுப்போட்டுச் செய்த வேலை. எந்த ஒலிக்கு எந்தப் பொருள் என்று, ஆரஞ்சுப் பழங்களையும் முட்கரண்டிகளையும் வரிசையாக அடுக்கித்தான் திட்டம் போட்டிருக்கிறார் மனிதர்.

"எல்லாம் நகலெடுக்கும் வித்தைதானே" என்றார் நண்பர். அதே ஆண்டு கோன்ட்ரி எடுத்த இன்னொரு காணொளியில் பாடகி கைலி மினோக் ஒரு தெருமுனையைச் சுற்றி வருகிறார். சுற்றுக்கு ஒரு கைலி கூடி, நால்வர் ஆகிறார்கள். அது கேமரா வித்தை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த ஆண்டு ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் பாட்டில், தாள அடிக்கு ஒன்றாக டிரம் செட் முளைத்துத் தெருவில் நீள்கிறதே, அவை நகல் அல்ல. ஒரே மாதிரி 32 டிரம் செட்களை வரவழைத்து, நகர்த்தி நகர்த்திப் படமெடுத்தார்கள். சரக்குத் தீர்ந்தவர் இவ்வளவு சரக்கா இறக்குவார்?

எதிரணி சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை. சில காணொளிகளில் வித்தையின் சூட்சுமத்தைத் தேடுவதிலேயே கண் போய்விடுகிறது, பாடுகிறவர் பின்னுக்குப் போய்விடுகிறார். எனக்கும் நடந்திருக்கிறது. ஆனால் அடுத்துப் பேச வரும் நண்பருக்கு ஒரு சவால்: ஒலியை அணைத்துவிட்டு 'ஸ்டார் கிட்டார்' பாருங்கள். கம்பங்களைப் பார்த்தே மேசையில் தாளம் போட்டுவிடலாம். இப்படிப் பார்க்கக்கூடிய காணொளி வேறு யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள், நானே உங்கள் அணிக்கு வந்துவிடுகிறேன்.

நடுவர் மறுபடியும் மணி அடிக்கிறார். முதல் தடவை அடித்தது என் காதில் விழவில்லை, ஐயா. திரும்ப அடித்ததால்தான் கேட்டது!