அப்பாவோட மண்டையோட்டுக் கட்டி: ஆபரேஷன், ரேடியேஷன், இப்போ எப்படி இருக்காரு

வணக்கம் மக்களே. அப்பா தலையில தையல் தழும்பப் பாத்துட்டு என்னாச்சுன்னு நிறைய பேரு கேட்டிருந்தீங்க, இன்னைக்கு முழுசா சொல்லிடறேன்.

இத மொதல்ல கண்டுபிடிச்சது சலூன் அண்ணன்தான். முடி வெட்டும்போது உச்சிக்குக் கொஞ்சம் பின்னாடி சீப்பு தட்டிருக்கு, "சார், இங்க புடைச்ச மாதிரி இருக்கே"ன்னாரு. நான் வீட்ல தொட்டுப் பாத்தேன், பாதி எலுமிச்சம்பழம் அளவு, அமுக்குனா மெத்துன்னு இருக்கு, வலியே இல்ல. பக்கத்து கிளினிக்ல கொழுப்புக்கட்டிதான், மரத்துப்போற ஊசி போட்டு இப்பவே எடுத்துடலாம்னாங்க. அம்மாதான் ஸ்கேன் பாக்காம தலையில கத்தி வைக்க விடமாட்டேன்னு பிடிவாதமா நின்னாங்க. சிடி எடுத்தா அந்த எடத்துல எலும்பே இல்லைங்க, கட்டி அரிச்சு ஓட்டையாக்கி வச்சிருக்கு.

எம்ஆர்ஐல மெனிஞ்சியோமாவா இருக்கலாம்னாங்க, அது மூளைய மூடியிருக்கற சவ்வுல வர்ற கட்டி, அப்பாவுக்கு இருந்த கட்டியும் அதுவும் படத்துல ஒரே மாதிரி தெரியுமாம். ரத்த ஓட்டம் ரொம்ப அதிகமான கட்டிங்கறதால ஆபரேஷனுக்கு முன்னாடியே தொடை வழியா ட்யூப் விட்டு அதுக்குப் போற ரத்தக்குழாய அடைச்சாங்க. அப்பதான் எனக்கு அந்த கிளினிக் ஞாபகம் வந்துச்சு, அங்கயே வெட்டியிருந்தா ரத்தம் கொட்டியிருக்குமேன்னு கை காலெல்லாம் நடுங்கிருச்சு. அப்புறம் கட்டியச் சுத்தி நல்ல எலும்பையும் கொஞ்சம் சேத்து வட்டமா வெட்டி ஒரே துண்டா எடுத்துட்டு, அந்த ஓட்டைய டைட்டானியம் வலை வச்சு மூடினாங்க.

எடுத்த கட்டிய லேப்ல சோதிச்ச பயாப்ஸிலதான் பேரு தெரிஞ்சுது, சாலிட்டரி பிளாஸ்மாசைட்டோமா. பிளாஸ்மா செல்னா எலும்பு மஜ்ஜைல இருந்துக்கிட்டு நோய் எதிர்ப்பு புரதம் செய்யற செல்லு, அதுல ஒண்ணு கெட்டுப்போயி ஒரே எடத்துல பெருகினா இது, உடம்பு பூரா பரவினா மல்டிபிள் மைலோமா. அதனால உடனே இடுப்பு எலும்புல ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தாங்க, வேற எங்கயும் இருக்கான்னு உடம்பு பூரா பாக்கற பெட் ஸ்கேன், ரத்தத்துல கால்சியம், கிட்னி, ஹீமோகுளோபின் எல்லாம் பாத்தாங்க. மஜ்ஜைல அந்தக் கெட்ட செல்லு 10 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும், அப்பாவுக்கு இல்லவே இல்ல.

கட்டிய முழுசா எடுத்தாச்சே, ரேடியேஷன் எதுக்குன்னு அப்பா கேட்டாரு. டாக்டர் பொறுமையா சொன்னாரு, இந்த நோய்க்கு மெயின் வைத்தியமே ரேடியேஷன்தான், கண்ணுக்குத் தெரியாம மிச்சம் இருக்கறத அதுதான் அழிக்கும்னு. மொத்தம் 45 கிரே (ரேடியேஷன் அளவு), 25 நாளாப் பிரிச்சு, வாரத்துக்கு அஞ்சு நாள். மூஞ்சிக்கு அளவெடுத்த வலை மாஸ்க்க டேபிளோட மாட்டிடுவாங்க, கழட்டுனதும் அப்பா கன்னத்துல கட்டம் கட்டமா அச்சு பதிஞ்சிருக்கும்.

இதே கட்டி மண்டையோட்டு அடியில வந்தா வேற கதை. அங்க நரம்பெல்லாம் நெருக்கமா போறதால கண்ணு ரெட்டையா தெரியும், முழுசா வெட்டி எடுக்கறது கஷ்டம், அதனால பெரும்பாலும் மூக்கு வழியா எண்டோஸ்கோப் விட்டு பயாப்ஸிக்கு எடுத்துட்டு ரேடியேஷன் குடுப்பாங்க. அடிப்பக்கம் வர்றது மைலோமாவா மாற சான்ஸும் கூட.

எலும்புல வர்ற இந்தக் கட்டில ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10 வருஷத்துக்குள்ள மைலோமா வருது. இத மறைச்சு என்ன பண்ணப்போறோம்? அதான் மூணு மாசத்துக்கு ஒருவாட்டி எலக்ட்ரோபோரெசிஸ், லைட் செயின் டெஸ்ட் எடுக்கறோம், அந்தக் கெட்ட செல்லு செய்யற புரதம் இருக்கான்னு பாக்கற டெஸ்ட்டுங்க, மைலோமா பக்கம் திரும்புனா சீக்கிரமே தெரிஞ்சிடும். நல்லாதான இருக்கேன்னு அப்பா இழுப்பாரு, நான் விடறதில்ல, ரெண்டுவாட்டி நார்மல், அடுத்தது திங்கக்கிழம.

நேத்து அதே சலூனுக்குப் போனோம். ரேடியேஷன் பட்ட எடத்துல முடி இன்னும் திட்டுத்திட்டாதான் மொளைச்சிருக்கு, அண்ணன் மிஷின ஓரமா வச்சுட்டு, தழும்பு மேல ஒரு விரல வச்சுக்கிட்டு கத்தரியாலயே வெட்டினாரு.