கஞ்சன், ஊதாரி என்று பெயர் வைப்பதற்கு முன்

அவையோருக்கு வணக்கம்.

மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பேரன் சம்பளம் வந்த வாரமே அதைச் செலவழித்துவிடுகிறான். அப்பா கடன் தவணைகளைக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார். தாத்தாவுக்குக் கையில் பணம் இருந்தும் மூக்குக்கண்ணாடியை மாற்ற மனம் வரவில்லை. பேரனுக்கு ஊதாரி என்று பெயர், தாத்தாவுக்குக் கஞ்சன் என்று பெயர். இப்படிப் பெயர் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். ஒருவர் எதையெல்லாம் கடந்து வந்திருக்கிறார், தமக்கு முன்னால் எவ்வளவு காலம் இருப்பதாக நினைக்கிறார் என்பது தெரியாமல் அவருடைய செலவைப் புரிந்துகொள்ள முடியாது.

அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மூன்று முதல் ஐந்து வயதுக்குள் இருந்த 28 குழந்தைகள். படம் வரைய இன்னும் நல்ல பொருள்கள் கொண்டு வருகிறேன் என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டு வந்தார். மற்றவர்களிடம் வெறுங்கையோடு திரும்பி வந்து, இல்லை என்றார். அப்புறம் எல்லோருக்கும் ஒரு மிட்டாய் கொடுத்து, நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருகிறேன் என்றார். ஏமாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக மூன்று நிமிடம் காத்திருந்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள்.

மூன்று நிமிடத்தில் தின்ற குழந்தைக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று சொல்வீர்களா? வராது என்று தெரிந்த ஒன்றுக்காக அது ஏன் காத்திருக்க வேண்டும்? நிலையான வேலை கிடைக்குமா, சொந்த வீடு என்றாவது வாய்க்குமா என்றே தெரியாத இளைஞரிடம் சேமி, சேமி என்று சொல்லும்போது, இந்தக் குழந்தையின் நியாயத்தையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

பெரியவர்களிடமும் இதே தடயம் உண்டு. உல்ரிக் மால்மெண்டியர், ஸ்டெஃபான் நாகல் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்கக் குடும்பங்களின் பல பத்தாண்டுத் தகவல்களை ஆராய்ந்து 2011-இல் எழுதினார்கள். தம் வாழ்நாளில் பங்குச்சந்தையின் மோசமான காலத்தைப் பார்த்தவர்கள், பிற்பாடும் பங்குகளில் பணம் போடத் தயங்கினார்கள். நிலைமை மாறினாலும் பழைய பயம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

இளமைக்கு வேறொரு சிக்கலும் இருக்கிறது. அறுபது வயதில் இருக்கப்போகும் நான், இருபது வயது எனக்குக் கிட்டத்தட்ட அந்நியன். ஹால் ஹெர்ஷ்ஃபீல்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், இளைஞர்களுக்கு அவரவர் முகத்தையே கணினியில் முதுமையாக்கிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் ஓய்வுக்காலத்துக்கு அதிகமாக ஒதுக்க முன்வந்தார்கள். போதாக்குறைக்கு இன்று பணம் கையைவிட்டுப் போவதே தெரிவதில்லை. ரொக்கத்தை எண்ணிக் கொடுக்கும்போது மனம் கொஞ்சம் வலிக்கும். அட்டையிலும் கைபேசியிலும் அந்த வலி குறைந்துவிடுகிறது.

நடுவயதைப் பற்றி ஒரே ஒரு செய்தி. கடன், கடன் அட்டை போன்றவற்றில் மக்கள் செய்யும் தவறுகளை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, அவை மிகக் குறைவாக இருந்தது ஏறத்தாழ 53 வயதில். அனுபவம் சேர்ந்திருக்கும், அறிவின் கூர்மையும் மங்கியிருக்காது.

முதுமைக்கு வருகிறேன். என் மனம் அதிகம் நிற்கும் இடம் இதுதான். டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1979-இல் விளக்கிய உண்மை ஒன்று உண்டு: ஒரு தொகை கிடைக்கும் மகிழ்ச்சியைவிட அதே தொகையை இழக்கும் வேதனை பெரிது. ஏறத்தாழ இரு மடங்கு என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். இளைஞர் இழந்தால் மறுபடி சம்பாதிக்கலாம். சம்பாதிக்கும் காலம் முடிந்தவருக்கு இழந்தது இழந்ததுதான். பிள்ளைகளிடம் கை நீட்டாமல் இருக்கும் மரியாதையும் அந்தச் சேமிப்பில்தான் இருக்கிறது. அதைக் கஞ்சத்தனம் என்று சொல்வது கொடுமை.

சரி, என்ன செய்யலாம்? இளைஞர்களுக்கு ஒரு வழி ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. பொருளியலாளர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களிடம், இன்று ஒன்றும் சேமிக்க வேண்டாம், அடுத்த சம்பள உயர்விலிருந்து ஒரு பங்கைச் சேமிப்புக்குத் தர இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள் என்றார்கள். சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் வருமானத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. கையில் இருப்பது குறையாததால் யாருக்கும் வலிக்கவில்லை.

பெரியவர்களிடம் ஏன் செலவு செய்ய மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். எதை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள் என்று கேளுங்கள். மருத்துவச் செலவு என்பார்கள், யாருக்கும் பாரமாகிவிடக் கூடாது என்பார்கள். அதற்கான தொகையை முதலில் அவர்கள் பெயரிலேயே தனியாக ஒதுக்கி, அதைத் தொடுவதில்லை என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். மீதி மாதாமாதம் வருமானமாக வரும்படி அவர்கள் சம்மதத்தோடு ஏற்பாடு செய்யுங்கள். சேர்த்து வைத்த பணத்தில் கை வைக்கத் தயங்குகிறவர்கள்கூட, மாத வருமானத்தை எடுத்துச் செலவு செய்ய அவ்வளவு தயங்குவதில்லை.